மிட்டாய், சாக்லேட், சூயிங்கம்: எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் கடை. முன்பக்கம் சில்லறை, பின்பக்கம் மொத்த வியாபாரம். நைனா தொடங்கிய கடை. அவருக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். கொருக்குப்பேட்டை, காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர்கள் வாரத்துக்கு ஒருமுறை வந்து சரக்கு எடுத்துப் போவார்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டால் முன்பக்கம் முழுக்கப் பிள்ளைகள். பெரியவர்களும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பொறுமையாகப் பதில் எழுதியிருக்கிறேன். கல்லாவில் நிற்கும்போது இவ்வளவு விளக்கமாகச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

“ஒரு ரூபா சாக்லேட் குடுங்க”ன்னு கேட்டா மிட்டாய் தர்றீங்களே, ரெண்டும் ஒண்ணா?

நம் ஊரில் காகிதத்தில் சுற்றிய இனிப்பு எதுவானாலும் அதற்கு சாக்லேட் என்றுதான் பெயர். பிறந்தநாளுக்குப் பிள்ளை வகுப்பில் கொடுப்பது ஆரஞ்சு மிட்டாயாக இருந்தாலும் “சாக்லேட் குடுத்தான்” என்றுதான் வீட்டில் வந்து சொல்லும். பேச்சில் அது தப்பில்லை. ஆனால் வாங்கும்போது வித்தியாசம் தெரிந்திருந்தால் நல்லது.

கடித்தால் ‘கடக்’ என்று உடையும் மிட்டாய் இருக்கிறதே, அது சர்க்கரையையும் குளுக்கோஸ் பாகையும் சேர்த்து 150 டிகிரிக்குப் பக்கம் வரை காய்ச்சி, தண்ணீர் அநேகமாக எல்லாம் போன பிறகு ஆறவைத்தது. அதனால்தான் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதிலேயே பாலும் கொழுப்பும் சேர்த்து, கொஞ்சம் குறைந்த சூட்டில் இறக்கினால் பல்லில் ஒட்டும் டாஃபி. எக்லேர்ஸ் என்பது வெளியே டாஃபி, உள்ளே சாக்லேட் குழம்பு. சாக்லேட் கோகோ விதையிலிருந்து வருவது. அதன் குடும்பமே வேறு. சூயிங்கம் விழுங்குவதற்கான பண்டமே இல்லை.

ஒரே இனிப்புதானே, எதுக்கு இத்தனை டப்பா?

எங்கள் கடையில் நாற்பது டப்பாவுக்கு மேல் இருக்கிறது. மொத்தமாக வாங்குபவர்களே சில நேரம் இதைக் கேட்பார்கள்.

போன வாரம் ஒரு பெண் குழந்தை வந்தாள், இரண்டாவதோ மூன்றாவதோ படிப்பாள். கையில் ஐந்து ரூபாய் நாணயம், வியர்வையில் நனைந்திருந்தது. முதலில் காப்பி பைட் டப்பாவைக் காட்டினாள். நான் மூடியைத் திறந்ததும் “இல்ல, அது” என்று மாங்கோ பைட்டைக் காட்டினாள். பிறகு இரண்டு மாங்கோ பைட், ஒரு பல்ஸ், ஒரு காப்பி பைட் என்று முடிவுக்கு வந்தாள். மிச்சம் ஒரு ரூபாய்க்கு சென்டர் ஃப்ரெஷ் வாங்கலாமா, தம்பிக்குப் பிடித்த ஆல்பென்லீபே வாங்கலாமா என்று நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் ஆள் நின்றார்கள், நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் தம்பிக்கு வாங்கினாள்.

ஒரு பிள்ளை சொந்தமாகக் காசை எடுத்து, தானாக யோசித்து, தானாக முடிவு செய்து வாங்கும் முதல் பொருள் பெரும்பாலும் மிட்டாய்தான். அரிசியும் பருப்பும் பெரியவர்கள் தேர்ந்தெடுப்பது. இங்கே மட்டும்தான் அந்தப் பிள்ளை வாடிக்கையாளர். இத்தனை டப்பா அதற்காகத்தான். அந்தப் பிள்ளையிடம் ஏமாற்று சரக்கைக் கொடுக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதும் அதனால்தான். கீழே வரும் பல பதில்களுக்கு இதுவே காரணம்.

அசல் சாக்லேட் எது, சாக்லேட் மாதிரி இருப்பது எது? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அசல் சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பு கோகோ வெண்ணெய். அது சுமார் 34 டிகிரியில் உருகும். நம் உடம்புச் சூடு 37. அதனால்தான் நாக்கில் வைத்ததும் வழுக்கிக்கொண்டு கரைகிறது. கோகோ வெண்ணெய் விலை அதிகம். அதை எடுத்துவிட்டு, பாம் கெர்னல் போன்ற தாவரக் கொழுப்பைப் போட்டு, கோகோ பொடி கலந்து செய்வதை கம்பவுண்டு என்பார்கள். பட்டியலில் சர்க்கரைக்கு அடுத்து ‘வெஜிடபிள் ஃபேட்’ அல்லது ‘ஹைட்ரஜனேட்டட் வெஜிடபிள் ஃபேட்’ என்று வந்தால் அது கம்பவுண்டு. ‘கோகோ பட்டர்’, ‘கோகோ சாலிட்ஸ்’, ‘மில்க் சாலிட்ஸ்’ என்று வந்தால் சாக்லேட்.

வாயில் போட்டும் சொல்லலாம். கம்பவுண்டு மெதுவாகக் கரையும், மேல்வாயில் மெழுகு மாதிரி ஒரு பூச்சு நிற்கும்.

கம்பவுண்டு தின்றால் ஆபத்து என்று நான் சொல்லவில்லை. பிஸ்கட்டின் மேலும், வேஃபரின் மேலும், கேக்கின் மேலும் இருப்பது பெரும்பாலும் அதுதான். வெயிலில் நிற்கும் தள்ளுவண்டிக்காரருக்கு அது வசதியும்கூட. சாக்லேட் விலை கொடுத்துவிட்டு கம்பவுண்டு வாங்கி வரக்கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 2024-இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் விழுந்ததுதான் முக்கியக் காரணம். “முன்ன இருந்த சைஸ் இப்ப இல்லையே” என்று நீங்கள் கேட்டதில் பாதிக்கு அதுதான் பதில். கோகோ ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று மட்டும் நினைக்க வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக வளர்க்கிறார்கள். கர்நாடகத்தில் புத்தூரில் காம்ப்கோ என்ற விவசாயிகளின் கூட்டுறவு 1986 முதல் சொந்தமாக சாக்லேட் ஆலையே நடத்துகிறது. அவர்கள் சரக்கு கிடைத்தால் நான் விடமாட்டேன்.

பாரீஸ் மிட்டாய்க்கும் பாரிமுனைக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இதைக் கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும், ஏனென்றால் இது நம்ம ஏரியா கதை.

தாமஸ் பாரி என்ற வெள்ளைக்காரர் 1788-இல் மதராஸில் வியாபாரம் தொடங்கினார். அவர் நிறுவனம் இருந்த மூலைதான் பாரீஸ் கார்னர், நம் பாரிமுனை. இப்போது அங்கே நிற்கும் டேர் ஹவுஸ் என்ற கட்டடம் அவருடைய கூட்டாளி டேர் என்பவரின் பெயரில் உள்ளது. அந்த நிறுவனத்துக்குக் கடலூர் பக்கம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை இருந்தது. சர்க்கரை இருக்கும் இடத்தில் மிட்டாய் வராமல் இருக்குமா? 1914-இல் மிட்டாய்த் தொழில் தொடங்கியது. காப்பி பைட், லாக்டோ கிங், காராமில்க், கோகோனட் பஞ்ச் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

2004-இல் மிட்டாய்ப் பிரிவை லாட்டே என்ற கொரிய நிறுவனம் வாங்கியது. லாட்டேயைத் தொடங்கியவர் ஒரு கொரியர். 1948-இல் ஜப்பானில் சூயிங்கம் செய்து விற்றுத்தான் முன்னுக்கு வந்தார். இன்று நீங்கள் வாங்கும் லாட்டே சாக்கோ பையும் காப்பி பைட்டும் ஒரே கம்பெனி. ஆக, பாரிமுனையில் பஸ் ஏறி வந்து எங்கள் கடையில் காப்பி பைட் வாங்கும் தாத்தா, கொரியாக்காரர் கம்பெனிக்குக் காசு கொடுக்கிறார். அவருக்கு அது இன்னமும் பாரீஸ் மிட்டாய்தான். நானும் திருத்துவதில்லை.

நியூட்ரின் இன்னும் வருதா? மகா லாக்டோ சாப்பிட்டு வளர்ந்தவன் நான்.

வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். நியூட்ரின் நமக்குப் பக்கத்து ஊர். ஆந்திராவில் சித்தூரில் 1952-இல் தொடங்கியது. மகா லாக்டோ, ஆசை என்று ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுக்க அவர்கள் டப்பா இல்லாத கடை கிடையாது. 2006-இல் கோத்ரெஜ் வாங்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஹெர்ஷே கூட்டு சேர்ந்தது, 2012-இல் ஹெர்ஷே முழுசாக எடுத்துக்கொண்டது. சரக்கு வந்தால் எங்கள் கடையில் முதல் வரிசையில் வைப்பேன். முன்கூட்டியே சொல்லிவைத்தால் எடுத்துவைக்கிறேன்.

பாப்பின்ஸ், கிஸ்மி, மெலடி, மாங்கோ பைட் எல்லாம் யாரோடது?

நான்கும் பார்லே, பிஸ்கட் கம்பெனியேதான். 1929-இல் மும்பை விலே பார்லேயில் தொடங்கியதால் அந்தப் பெயர். கிஸ்மியில் வருவது ஏலக்காய் வாசம்.

பான் பசந்த், மாங்கோ மூட் கேட்பவர்களுக்கு: அவை ராவல்காவ் என்ற மகாராஷ்டிரா கம்பெனியின் மிட்டாய்கள். 2024-இல் அந்தப் பெயர்களை ரிலையன்ஸ் 27 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மிட்டாய்ப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

பல்ஸ் மட்டும் ஏன் இப்படி ஓடுது?

உள்ளே இருக்கும் உப்புப் பொடிதான் காரணம். மாங்காய் மிட்டாய் ஏற்கனவே எத்தனையோ இருந்தது. டி.எஸ். குரூப் 2015-இல் பல்ஸைக் கொண்டுவந்தபோது, புளிப்பு மிட்டாயின் நடுவில் மசாலா உப்பை அடைத்தார்கள். நம் ஆட்களுக்கு மாங்காய் என்றாலே உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்ற ஞாபகம். மெரினாவிலும் காசிமேட்டிலும் பத்தை போட்டு விற்கும் மாங்காயின் ருசியை ஒரு ரூபாய்க்குள் அடைத்துவிட்டார்கள். வந்த புதிதில் டப்பா கிடைக்காமல் தவித்திருக்கிறோம்.

சூயிங்கம்முக்கும் பபுள்கம்முக்கும் என்ன வித்தியாசம்? விழுங்கிட்டா வயித்துல ஒட்டிக்குமா?

முதலில் பயத்தைத் தீர்க்கிறேன். ஒட்டிக்கொள்ளாது. அதிலிருக்கும் சர்க்கரையும் வாசனையும் வாயிலேயே கரைந்துவிடும். மிஞ்சும் ரப்பர் மாதிரியான கம் பேஸ் செரிக்காது, ஆனால் மற்ற கழிவோடு வெளியே போய்விடும். ஏழு வருஷம் வயிற்றில் கிடக்கும் என்பது பயமுறுத்தச் சொன்ன கதை. ஆனால் தினமும் நாலைந்து விழுங்கும் சின்னப் பிள்ளைக்கு வயிற்றில் அடைப்பு வரலாம். அதனால், துப்பத் தெரியாத வயதில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பபுள்கம்மின் கம் பேஸ் அதிகமாக இழுபடும், ஊதினால் கிழியாமல் உப்பும். சூயிங்கம் மெல்லுவதற்கு மட்டும். பூமரும் பிக் பாபூலும் ஊதுகிற ஜாதி. சென்டர் ஃப்ரெஷ்ஷில் நடுவில் குளிர்ச்சியான திரவம். அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இத்தாலியின் பெர்ஃபெட்டி, 1994-இல். ஆல்பென்லீபே, ஹேப்பிடென்ட், குளோர்மின்ட், மென்டோஸ் எல்லாம் அவர்கள்தான். அவர்களுக்கு நம் சென்னைக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரி பக்கம் காரணைப்புதுச்சேரியிலேயே ஆலை இருக்கிறது. மென்டோஸ் பற்றி ஒரு திருத்தம்: சாதா மென்டோஸ் சூயிங்கம் இல்லை, மென்று விழுங்கும் மிட்டாய். துப்ப வேண்டாம்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இனிப்புக்கு சார்பிட்டால், சைலிட்டால் போடுவார்கள். ஒரே நாளில் நிறைய மென்றால் வயிற்றுப்போக்கு வரும், அட்டையிலேயே எழுதியிருக்கும். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சைலிட்டால் நாய்க்கு விஷம்.

அப்புறம், மென்றதைத் தெருவில் துப்பாதீர்கள். வாங்கும்போது கிடைத்த காகிதத்தைப் பையில் வைத்திருந்து அதிலேயே சுற்றிப் போடுங்கள். எங்கள் கடை வாசலைக் கழுவும் அக்கா கத்தியால் சுரண்டித்தான் எடுக்கிறார்.

சாக்லேட்டைப் பிரிச்சா மேல வெள்ளையா பூத்திருக்கு. பூஞ்சையா?

பெரும்பாலும் பூஞ்சை இல்லை. சூட்டில் கோகோ வெண்ணெய் உருகி மேலே வந்து, திரும்ப இறுகும்போது சாம்பல் பூத்த மாதிரி படியும். விரலால் தடவினால் சூட்டில் கரைந்து பளபளப்பாகும். அது கொழுப்புப் பூப்பு. சொரசொரவென்று, தடவினாலும் போகாமல் இருந்தால், ஈரம் பட்டு சர்க்கரை மேலே வந்திருக்கிறது. இரண்டையும் தின்னலாம், ருசியும் பதமும் போயிருக்கும். பஞ்சு மாதிரி முடி முளைத்திருந்தாலோ, பழைய எண்ணெய் நாற்றம் அடித்தாலோ தூக்கிப் போடுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம், ஒரு ஏஜென்சி வண்டி மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது. குளிர்சாதனம் இல்லாத வண்டி, மேலே தார்ப்பாய். பன்னிரண்டு பெட்டி இறக்கினேன். ராத்திரி ஒன்றைத் திறந்தால் பார் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, காகிதத்தோடு ஒட்டி, ஆறி இறுகியிருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். விற்றிருக்கலாம், தள்ளுபடி போட்டால் வாங்க ஆள் இருந்தது. ஆனால் ஐஸ் பெட்டி இல்லாத பெட்டிக்கடைக்காரர்கள் அதை வாங்கிப்போய்ப் பிள்ளைகளுக்கு முழு விலைக்குக் கொடுப்பார்கள். பன்னிரண்டு பெட்டியும் நஷ்டக் கணக்கில் போனது. அதிலிருந்து ஏப்ரல் முதல் ஜூன் வரை சாக்லேட் சரக்கைக் காலை எட்டு மணிக்கு முன் வந்தால்தான் இறக்குவேன்.

வீட்டில் வைப்பதற்கு: ஃப்ரிட்ஜில் அப்படியே வைக்காமல் இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். எடுத்ததும் திறக்காமல் பத்து நிமிடம் விட்டுத் திறந்தால் மேலே வியர்க்காது.

ஒரு ரூபா மிட்டாய்ல தேதி, சேர்மானம் எதுவுமே இல்லையே. சட்டவிரோதமா?

இல்லை. சின்ன உறையில் எல்லாவற்றையும் அச்சடிக்க இடம் கிடையாது. 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத உறைக்குச் சேர்மானத்திலும், 30 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவான உறைக்குத் தேதியிலும் உணவுப் பாதுகாப்பு விதியே விலக்கு கொடுக்கிறது. அந்த விவரங்கள் அது வரும் பெரிய பாக்கெட்டிலோ டப்பாவிலோ இருக்க வேண்டும்.

டப்பா அவ்வளவு முக்கியமாவது இதனால்தான். சில கடைகளில் காலியான டப்பாவில் வேறு மிட்டாயைக் கொட்டி வைப்பார்கள். டப்பாவில் ஒரு பெயர், உள்ளே வேறு சரக்கு. டப்பா தேதி போன வருஷம், மிட்டாய் போன மாதம், அல்லது நேர்மாறாக. நைனா காலத்தில் நாங்களும் அப்படிச் செய்திருக்கிறோம், அப்போது யாரும் யோசிக்கவில்லை. இப்போது டப்பா காலியானால் லேபிளைக் கிழித்துத்தான் வெளியே தருவேன். நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் “டப்பாவைக் காட்டுங்க” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதே நிறம், அதே எழுத்து வடிவம், பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். பிள்ளை படம் பார்த்து வாங்கும்; எழுத்தைக் கூட்டிப் படிக்காது. அதை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வரும்.

உறையின் இரண்டு முனையையும் பாருங்கள். நல்ல கம்பெனியில் முறுக்கு ஒரே அளவாக, படம் நடுவில் வரும். போலியில் படம் ஒருபக்கம் நழுவியிருக்கும், நிறம் விரலில் ஒட்டும். உறையைப் பிரித்தால் மிட்டாய் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ஈரம் இழுத்திருக்கிறது என்று அர்த்தம். டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். ‘ஃபுட் சேஃப்டி கனெக்ட்’ என்ற செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடையது என்று காட்டும். புகார் செய்ய நுகர்வோர் உதவி எண் 1915.

பர்மா பஜார் ஃபாரின் சாக்லேட் வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் போட்ட கடைகள் அவை. துபாயிலிருந்து யாராவது வந்தால்தான் டாப்ளரோன் என்றிருந்த காலத்தில், நமக்கு அதைக் கண்ணால் காட்டிய தெரு அது. முறைப்படி இறக்குமதியான பாக்கெட்டில் இந்தியாவில் யார் இறக்கினார்கள், அவர்கள் உரிம எண் என்ன, விலை என்ன என்று தனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் இல்லாவிட்டால் கெட்டுப்போன சரக்கு என்று அர்த்தமில்லை. ஆனால் ஏதாவது ஆனால் கேட்க ஆள் இல்லை. வெளிநாட்டுத் தேதியில் சிலவற்றில் மாதம் முதலில் வரும், சிலவற்றில் நாள் முதலில் வரும். அதையும் கவனியுங்கள்.

சைவமா, ஹலாலா?

சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ வகைகளில்தான் பெரும்பாலும் சந்தேகம் வரும், அவற்றை இறுகவைக்கும் ஜெலட்டின் மிருகத்திலிருந்து வருவதால். பச்சைப் புள்ளி உள்ள ஜெல்லியில் பெக்டினோ ஸ்டார்ச்சோ போட்டிருப்பார்கள். ராயபுரத்திலிருந்தும் மண்ணடியிலிருந்தும் வரும் பாய்மார்கள் வெளிநாட்டு ஜெல்லி கேட்டால் ஹலால் முத்திரை உள்ளதை மட்டும் எடுத்துக் காட்டுவேன். முத்திரை இல்லாததை “ஒண்ணும் இருக்காது பாய்” என்று சொல்லி விற்க மாட்டேன்.

சில்லறைக்குப் பதிலா மிட்டாய் குடுக்கிறது சரியா?

உங்களுக்கு வேண்டாமென்றால் சரியில்லை. மறுக்கலாம். 2011 ஜூன் 30 முதல் நாலணா செல்லாமல் போனது; அதோடு நாலணா மிட்டாயும் போனது. எட்டணா சட்டப்படி இன்னும் செல்லும், ஆனால் யாரும் கையில் வாங்குவதில்லை. ஒரு ரூபாய்க்கு வந்து நின்றுவிட்டோம். இப்போது போனில் 47 ரூபாய் என்றால் 47 ரூபாயே அனுப்பிவிடுகிறார்கள். சில்லறை மிட்டாய் வியாபாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. கேட்டு வாங்கும் மிட்டாய்தான் ருசிக்கும்.

வரி குறைஞ்சுதே, விலை ஏன் குறையல?

2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு ஜி.எஸ்.டி. 18-இலிருந்து 5 சதவீதமானது. பெரிய பாக்கெட்டில் விலை குறைவதைப் பார்க்கலாம். ஒரு ரூபாய் சாக்லேட்டை 89 பைசாவுக்கு விற்க முடியாது. கம்பெனி எடையைக் கூட்டினால்தான் உண்டு. எடையைப் பார்த்து வாங்குங்கள்.

பிறந்தநாளுக்கு வகுப்புல குடுக்க எது வாங்கலாம்?

முதலில் எந்த வகுப்பு என்று சொல்லுங்கள். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்றால் உருண்டையான கெட்டி மிட்டாய், சூயிங்கம் இரண்டும் கூடாது. தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஐந்து வயதுக்குக் கீழே மெதுவான சாக்லேட்டோ பிஸ்கட்டோ கொடுங்கள். லாலிபாப் குச்சியோடு ஓடி விழுந்த பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், அதனால் சின்ன வகுப்புக்கு அதையும் தருவதில்லை. பெரிய வகுப்புக்கு எக்லேர்ஸ், மெலடி, காப்பி பைட் எதுவானாலும் சரி. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பால் சாக்லேட் பார் வேண்டாம். பையிலிருந்து எடுப்பதற்குள் குழம்பாகிவிடும். நாற்பது பேர் என்றால் ஐம்பதாக வாங்குங்கள். ஆயாம்மா, வாட்ச்மேன் தாத்தா, ஆட்டோ அண்ணன் எல்லோரும் கணக்கில் உண்டு. மிஞ்சினால், பாக்கெட் பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன்.

சர்க்கரை நோய் இருக்கு, சுகர்ஃப்ரீ சாக்லேட் எவ்வளவு வேணா சாப்பிடலாமா?

சாப்பிடக் கூடாது. சர்க்கரைதான் இல்லை, கொழுப்பும் மாவுச்சத்தும் இருக்கிறது. அளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், என்னிடம் வேண்டாம்.

கமர்கட், தேன் மிட்டாய் வெச்சிருக்கீங்களா? அதுதானே நம்ம மிட்டாய்?

வைத்திருக்கிறேன். கமர்கட், தேன் மிட்டாய், கல்கோனா, இஞ்சி மரப்பா, கடலை மிட்டாய் தனி அலமாரியில் இருக்கின்றன. கம்பெனி மிட்டாய் உசத்தி, இது மட்டம் என்று நான் பிரிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே கேள்விதான்: யார் செய்தது, எப்போது செய்தது? கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. எங்கே, எப்படிச் செய்தது என்று சொல்ல முடிந்ததால் கிடைத்த மரியாதை அது.

பெயர் இல்லாமல் வருவதில் நிறத்தைக் கவனியுங்கள். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். அதில் ரோடமின்-பி என்ற துணிச் சாயம் இருந்தது சோதனையில் தெரிந்ததால். வண்ணாரப்பேட்டை, துணி வியாபாரம் நடக்கும் ஊர். சாயம் கையில் பட்டால் எப்படி ஒட்டும் என்று எங்களுக்குத் தெரியும். தேன் மிட்டாய் தின்ற பிள்ளையின் விரலும் உதடும் சோப்புப் போட்டும் போகாத ரோஸ் நிறத்தில் இருந்தால், அடுத்த முறை அந்தச் சரக்கை வாங்காதீர்கள்.

வீட்டு வாசல்ல சின்னதா பெட்டிக்கடை வைக்கப் போறேன். எத்தனை வகை எடுக்கலாம்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அக்காக்கள்தான். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். முதல் மாதம் பன்னிரண்டு டப்பா போதும். மூன்று புளிப்பு, மூன்று பால் அல்லது காப்பி, இரண்டு எக்லேர்ஸ் மாதிரி, இரண்டு சூயிங்கம், ஒரு இஞ்சியோ புதினாவோ, ஒரு கமர்கட். சாக்லேட் பார் வேண்டாம், ஐஸ் பெட்டி வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். டப்பாவைப் பிள்ளையின் கண் உயரத்துக்கு, லேபிள் வெளியே தெரிய வையுங்கள். வெயில் விழும் பக்கமும் அடுப்புப் பக்கமும் வேண்டாம். மழைக்காலத்தில் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் பிசுபிசுத்துவிடும்.

காசிமேடு பக்கம் கடை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, வீட்டில் காசு இருக்காது, பிள்ளை கையில் ஐந்து ரூபாய் ஒரு ரூபாயாகிவிடும். அந்த 61 நாளும் சரக்கைப் பாதியாக எடுங்கள். தடை முடிந்து படகு கிளம்பும் வாரம் இஞ்சி, புதினா, காப்பி மிட்டாய் மொத்தமாகப் போகும். கடலில் நாள்கணக்கில் இருப்பவர்கள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிக்கொள்வார்கள். அதை மட்டும் ஜூன் பத்தாம் தேதிக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். எங்கள் கடையில் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கூட்டம் இருக்காது. அப்போது வந்தால் ஒவ்வொரு டப்பாவின் தேதியையும் உட்கார்ந்து பார்த்து எடுக்கலாம்.